உள்ளே இருக்கும் நான்கு நட்டுகள்

வீல் ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் உலோக வளையம், போடலாமா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவேன். எது நல்ல ஸ்பேசர், எது குப்பை, எத்தனை மி.மீ. வரை போகலாம், நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இப்போது அதே கேள்வி வந்தால் முதலில் வேறொன்றைக் கேட்கிறேன்: உங்கள் வண்டியின் டயரைக் கடைசியாகக் கழற்றியது யார்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. யாருக்கு ஞாபகம் இருக்கும்? சர்வீஸில் கழற்றியிருப்பார்கள், வீல் பேலன்சிங் கடையில் கழற்றியிருப்பார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் பெயர் தெரியாத ஒருவர் பங்க்சர் ஒட்டியிருப்பார். ஸ்பேசரின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது எனக்கு இந்தக் கேள்வியில்தான் புரிந்தது. புரிய வைத்தது, ஆழியாறு பக்கத்தில் ஒரு பங்க்சர் கடையில் நான் நின்ற இரண்டு மணி நேரம்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வண்டியில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பின்னால் நின்று பார்த்தால் டயர்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பது போலத் தெரியும், அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. புதிய அலாய் வீல் வாங்கக் கையில் பணம் இல்லை. அப்போதுதான் ஸ்பேசர் கண்ணில் பட்டது. இடையில் சும்மா சொருகும் தகடு வகை வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். ஹப்பில் (சக்கரம் மாட்டும் சுழலும் பகுதி) ஸ்பேசரை நான்கு நட்டு போட்டு முடுக்கிவிட்டு, ஸ்பேசரிலேயே இருக்கும் வேறு நான்கு ஸ்டட்டில் (மரை போட்ட தண்டு) சக்கரத்தை மாட்டும் வகையைத்தான் தேடி வாங்கினேன். பக்கத்துக்கு 25 மி.மீ. நடுத்துளை 54.1 மி.மீ., அதாவது ஸ்விஃப்ட் ஹப்பின் உதட்டில் ஆடாமல் உட்காரும் அளவு. சக்கரம் மையம் தப்பாமல் இருக்க வெளிப்பக்கமும் அதே அளவில் இன்னொரு உதடு. நட்டைக் குறித்த அளவுக்குச் சரியாக முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் இதற்காகவே வாங்கினேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தேன், குறுக்கு வரிசையில் முடுக்கினேன், நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரங்களையும் மறுபடி கழற்றி உள்நட்டுகளைச் சரிபார்த்தேன். ஒரு நட்டுகூட இளகியிருக்கவில்லை.

அப்புறம் இரண்டு வருடம், இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரு தொல்லையும் இல்லை. வண்டி பார்க்க நன்றாக இருந்தது. அவினாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார், எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஸ்பேசர் போட்டால் சக்கரம் கழன்று ஓடும் என்று சொன்னவர்களிடம் நான் வாக்குவாதம் செய்திருக்கிறேன். மலிவான பொருளை வாங்கி, ஏனோதானோவென்று முடுக்கினால் கழலத்தான் செய்யும், அது ஸ்பேசரின் குற்றமில்லை என்று சொல்வேன். இப்போதும் அந்த வாக்கியம் தவறென்று நினைக்கவில்லை. அதில் ஒரு ஆள் விடுபட்டிருந்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பிரேக் வேலை, சனிக்கிழமை பயணம்

பிரேக் அழுத்தினால் பெடல் லேசாக அதிர ஆரம்பித்தது. முன்பக்க டிஸ்க்குகளைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். எப்போதும் போகும் ஒர்க்‌ஷாப்தான். வியாழக்கிழமை காலையில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன், சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பெடல் அதிர்வு போயிருந்தது. டிஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்றால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பேசரையும் கழற்றித்தான் ஆக வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், மெக்கானிக்கிடம் ஸ்பேசர் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டியபின் உள்நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கவும் இல்லை. என் மனசில் அந்த ஸ்பேசர்கள் இரண்டு வருடமாக வண்டியோடு ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிட்டிருந்தன.

சனிக்கிழமை அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகளோடு வால்பாறை கிளம்பினோம். மேலே ஏறும்போது ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்தோம், குழந்தைகளுக்கு வரையாடு தெரிந்தது. அதற்கப்புறம் ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்ததை நான் கவனித்தேன். ரோடு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மதியம் இறங்கினோம். நாற்பதிலிருந்து ஒன்று வரை கொண்டை ஊசி வளைவுகளை மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். பாதி மலை இறங்கியபோது, வண்டியை இடப்பக்கம் ஒடித்தால் ஒரு "டொக்", நேராக்கினால் ஒரு "டொக்" என்று கேட்க ஆரம்பித்தது. டயரில் கல் ஒட்டியிருக்கும் என்று மனைவி சொன்னார். நிறுத்திப் பார்த்தேன், கல் எதுவும் இல்லை. சக்கரத்தின் நான்கு நட்டுகளையும் வீல் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்த்தேன். நான்கும் கல் மாதிரி இறுகியிருந்தன. சரி, வேறு ஏதோ, பொள்ளாச்சி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி ஓட்டினேன். இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

ஆழியாறு தாண்டி

சமவெளிக்கு வந்தபின் சத்தம் கூடியது. ஆழியாறு தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு பங்க்சர் கடை. புளிய மரத்தடியில் ஒரு கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, பழைய டயர் அடுக்கு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டபடி வந்து, சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நான் செய்ததையே அவரும் முதலில் செய்தார். ஸ்பேனரை எடுத்து நான்கு நட்டையும் முடுக்கிப் பார்த்தார்.

"தம்பி, நட்டு நாலும் டைட்டாத்தானுங்க இருக்குது."

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். சக்கரம் ஆடியது. லேசாக இல்லை, கண்ணுக்கே தெரிகிற ஆட்டம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "பேரிங் போயிருச்சுங்க. மெதுவா ஓட்டிட்டுப் போய் பொள்ளாச்சியில மாத்திக்கங்க" என்றார். ஜாக்கியை இறக்கக் கையை வைத்தார்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் நிமிடம் இதுதான். அவருடைய அனுபவத்தில் அது முற்றிலும் சரியான முடிவு. நட்டு இறுகியிருக்கிறது, சக்கரம் ஆடுகிறது, அப்படியானால் பேரிங். எந்தப் பங்க்சர் கடையில் கேட்டாலும், எந்த டிரைவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். சக்கரம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க நூறு வருடமாக மனிதர்கள் செய்துவரும் சோதனை அது: வெளியே தெரியும் நட்டை முடுக்கிப் பார். என் வண்டியில் அந்தச் சோதனை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பொய் சொல்ல வைத்திருந்தேன். ஜாக்கி பாதி இறங்கியபோதுதான் எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

"ஏனுங்ணா, ஒரு நிமிஷம். உள்ள ஸ்பேசர் இருக்குதுங்க."

"என்னது இருக்குது?"

அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மறுபடி தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். சக்கரம் கையோடு வந்ததும் உள்ளேயிருந்து ஒரு நட்டு தரையில் விழுந்து உருண்டது. ஸ்டட்டிலிருந்து முழுக்கக் கழன்று, வெளியே விழ வழியில்லாமல், ஸ்பேசரின் குழிக்கும் சக்கரத்தின் முதுகுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்திருக்கிறது. நான் கேட்ட "டொக்" சத்தத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். மற்ற இரண்டு நட்டுகளை அவர் விரலாலேயே சுற்றி எடுத்தார். நான்காவது ஒன்றுதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பேசரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வட்டமாக இருந்த ஸ்டட் துளைகளில் மூன்று, முட்டை வடிவத்துக்கு அகன்றிருந்தன. துளை ஓரமெல்லாம் கறுப்பாக அலுமினியத் தூள். அதைத் தொட்ட விரலை அவர் வேட்டியில் துடைக்கவில்லை, என்னிடம் காட்டினார். அம்மா மரத்தடியில் குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வளைவுகள்.

நான்கு சக்கரங்களையும் கழற்றச் சொன்னேன். வலது முன்பக்கமும் இளக ஆரம்பித்திருந்தது. பின்பக்கம் இரண்டும் நான் முடுக்கியது முடுக்கியபடியே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்பு வைத்த கை அசையவில்லை. ஸ்பேசர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சக்கரத்தை நேராக ஹப்பிலேயே மாட்டினோம். இடது முன்பக்கம் ஒரு ஸ்டட்டின் மரை நசுங்கியிருந்ததால் அதில் நட்டு ஏறவில்லை, மூன்றோடுதான் நின்றது. அம்மாவையும் மனைவியையும் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பொள்ளாச்சி வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் தனியாக ஓட்டி வந்தேன்.

நான்கு டன்

ஊருக்கு வந்தபின் பல நாள் இதையே படித்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் எடையை ஸ்டட்டுகள் தாங்குகின்றன, துணி மாட்டும் கொக்கி மாதிரி, என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை நூறு நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால், அந்த ஒரு ஸ்டட் மட்டும் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து ஏறத்தாழ நான்கு டன் விசையில் அழுத்துகிறது. நான்கு ஸ்டட்டுக்குப் பதினாறு டன். அந்த அழுத்தத்தால் இரண்டு உலோக முகங்களுக்கு இடையே பிறக்கும் உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது. உராய்வு ஆறில் ஒரு பங்கு என்று வைத்தாலும் இரண்டரை டன்னுக்கு மேல் தாங்கும். என் வண்டியின் ஒரு முன்சக்கரத்தில் விழும் எடை முந்நூறு கிலோ அளவில்தான். பள்ளத்தில் விழும்போது அது பல மடங்கானாலும் இடம் இருக்கிறது. ஸ்டட் வேலை செய்வது இழுபட்ட ரப்பர் பேண்டைப் போல, பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது மட்டுமே. பக்கவாட்டில் வரும் அடியை அது வாங்கக் கூடாது. நட்டு இளகினால் அந்தப் பதினாறு டன் போய்விடுகிறது, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, அடியெல்லாம் ஸ்டட்டின் இடுப்பில் விழுகிறது. துளை முட்டையாவது அப்படித்தான். அதற்கடுத்து ஸ்டட் உடைவது.

இதில் என்னை அதிகம் பாதித்தது ஒரு சின்ன அளவு. அத்தனை விசையில் முடுக்கப்பட்ட ஸ்டட் எவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. ஸ்பேசரில் நட்டுக்கு அடியில் இருக்கும் உலோகம் கொஞ்சமே என்பதால் இன்னும் குறைவு. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பிடிப்பு முழுவதும் அந்த நீட்சியில்தான் இருக்கிறது. ஆகவே இடையில் துருவோ, பெயின்ட்டோ, லேத்திலிருந்து வந்த தூசியோ ஒரு முடி அளவுக்கு இருந்து, ஓட ஓட அது நசுங்கிவிட்டால், நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பாமலே பிடிப்பு போய்விடும். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி முடுக்கச் சொல்வது இதற்காகத்தான். நான் முதல்முறை செய்தேன். டிஸ்க் வேலைக்குப் பிறகு அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்பது தோன்றவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வால்பாறை நூறு கிலோமீட்டர் சொச்சம். நான் சரிபார்க்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட மலை உச்சியில் வந்திருக்கும்.

ஸ்டியரிங் விஷயமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. முன்சக்கரம் திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்தின் மையத்துக்குச் சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ விழும். அந்த இடைவெளியை வண்டி செய்பவர்கள் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். ஒருபக்கச் சக்கரம் மட்டும் மணலில் ஏறிய நேரத்தில் பிரேக் அடித்தாலும் வண்டி தானாக நேரே போகும்படி அந்தக் கோட்டை டயர் மையத்துக்கு வெளியே விழ வைத்த வடிவமைப்பை 1972-இல் ஆடி 80 கார் கொண்டுவந்தது. சில மில்லிமீட்டரில் செய்த அந்த ஏற்பாட்டின்மேல் நாம் 25 மி.மீ. தகடு வைத்தால் கணக்கே தலைகீழாகிவிடும். ஸ்பேசர் போட்டபின் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுப்பதை நானே உணர்ந்திருக்கிறேன். "ரோடு ஃபீல்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நண்பர் சொன்ன நியாயம்

வண்டி விஷயத்தில் என்னைவிட விவரமான நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜிம்னி வைத்திருக்கிறார், அதில் 30 மி.மீ. ஸ்பேசர். நடந்ததைச் சொன்னதும் முதலில் குழந்தைகளைப் பற்றித்தான் கேட்டார். அப்புறம் மெதுவாக வாதாட ஆரம்பித்தார். பேரிங் மேல் சுமை கூடும் என்று ஸ்பேசரைத் திட்டுகிறார்கள், ஈ.டி. எண் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு; குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்) குறைந்த அலாய் வீல் போட்டால் அதே சுமைதானே கூடுகிறது? ஈ.டி. 45 வீலுக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டாலும், நேராக ஈ.டி. 20 வீல் போட்டாலும் டயர் நிற்பது ஒரே இடத்தில். அதை யாரும் குறை சொல்வதில்லையே? போர்ஷே தன் 911 கார்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரை நீளமான போல்ட்டுகளோடு தானே விற்றிருக்கிறதே? ஜெர்மனியில் சோதனை அறிக்கையோடு ஸ்பேசர் விற்கிறார்களே?

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பேரிங்குக்கு எது இடையில் இருக்கிறது என்று தெரியாது, டயர் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும். ஆனால் ஈ.டி. 20 வீலில் நட்டுகள் நான்குதான், நான்கும் வெளியே. போர்ஷேயின் மெல்லிய ஸ்பேசரிலும் போல்ட் நீளம்தான் மாறுகிறது, வெளியிலிருந்து முடுக்கினால் எல்லாமே இறுகிவிடும். என் ஸ்பேசரில்தான் பிடிப்பு இரண்டு அடுக்காகப் பிரிந்து, கீழ் அடுக்கு கண்ணுக்கு மறைந்துபோகிறது. ஜெர்மனியில் பெரும்பாலும் ஸ்பேசர் போட்டபின் வண்டியைப் பரிசோதகரிடம் காட்டி, வண்டியின் ஆவணத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும். அடுத்து அந்த வண்டியைத் தொடும் ஆளுக்குத் தாளில் எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியா இந்த வம்பே வேண்டாம் என்று, கம்பெனியே பொருத்தி அனுப்பியதைத் தவிர ஸ்பேசர் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. அந்தப் பிரிவில் ஸ்பேசர் என்ற சொல் இல்லை, ஆகவே கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, யாரும் கேட்பதுமில்லை. ஒரே நேரத்தில் அனுமதியும் இல்லை, பதிவும் இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட மோசமான நிலையாகத் தெரிகிறது. போட்டவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை விற்கும்போது, தம்பிக்கு இரவல் கொடுக்கும்போது, டிரைவர் வைத்து அனுப்பும்போது ரகசியமும் சேர்ந்து போகிறது, சொல்லப்படாமல்.

சொருகும் தகடு வகையில் இந்த மறைவு இல்லை, வேறு ஆபத்து இருக்கிறது. அக்கா மகன் தன் வண்டியில் 5 மி.மீ. தகடு போட்டிருந்தான். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று நீள்துளை போட்டு விற்பது. எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம். அவனைக் கூட்டிவைத்து நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணச் சொன்னேன். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும் மரை என்றால் பத்து சுற்று. அவனுக்கு ஆறு வந்தது. ஏழரை மி.மீ. அன்றைக்கே கழற்றிவிட்டான்.

ஒர்க்‌ஷாப்பில்

கோபத்தோடுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முட்டைத் துளை விழுந்த ஸ்பேசரை மேசைமேல் வைத்தேன். அந்த வேலையைச் செய்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டூல் பெட்டியிலிருந்து ஏர் கன்னுக்குப் போடும் சாக்கெட்டை எடுத்துவந்து, ஸ்பேசரின் குழிக்குள் வைத்துக் காட்டினான். சுவர் தடித்த சாக்கெட் அது, குழிக்குள் இறங்கவில்லை.

"இது உள்ள போகலைண்ணா. டியூப் ஸ்பேனர வச்சுக் கையாலதான் புடிச்சேன். டைட் ஆன மாதிரிதான் இருந்துச்சு. டார்க் எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்ணா? நீங்களும் சொல்லலையே."

மெல்லிய சுவர் சாக்கெட் ஒன்று தேவை என்பது எனக்குத் தெரியும். வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். டார்க் ரெஞ்சோடு, துணியில் சுற்றி, அலமாரியில். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை; கை முடுக்கு போதாது என்று அவன் தொழில் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், துரு படிந்த முகத்தைத் தேய்த்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தபோது கேட்டிருக்க வேண்டும். அவனிடமே இதைச் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனி செய்த வண்டியில் எந்த மெக்கானிக்குக்கும் எல்லாம் கண்முன்னால் இருக்கிறது. நான் அதில் ஒரு பொருளைச் சேர்த்தேன். அதற்கான கருவியும் அளவும் கவனமும் என் ஒருவனிடம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, வண்டியை மட்டும் ஊரெல்லாம் கொடுத்தேன்.

ஜிம்னி நண்பர் ஸ்பேசரைக் கழற்றவில்லை. அவர் முடிவு அது, நான் மறுபடி வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் வண்டியைப் பார்த்தபோது ஸ்டெப்னி பக்கத்திலும் ஜாக்கி வைக்கும் இடத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்: "வீலுக்கு உள்ளே ஸ்பேசர் உண்டு. உள் நட்டு 5. மறக்காமல் முடுக்கவும்." சாக்கெட்டையும் ஜாக்கியோடு கட்டி வைத்திருந்தார். நம் ஊரில் தண்ணீர் லாரிக்காரர்கூட டேங்கில் எழுதி வைப்பார், காரில் எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று நினைக்கிறோம். அவர் எழுதிவிட்டார். எனக்கு அது பிடித்தது. இருந்தாலும் அவர் வண்டியில் ஏறும்போதெல்லாம் கடைசியாகக் கழற்றியது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் ஸ்விஃப்ட்டில் முன்பக்க ஸ்டட்டுகள் எட்டையும் மாற்றினேன். டயர்கள் பழையபடி மட்கார்டுக்குள் ஒடுங்கிவிட்டன. மூன்று ஸ்பேசர்களைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். நல்ல நிலையில் இருந்ததை யாருக்காவது விற்கலாமே என்று கேட்டார்கள், மனசு வரவில்லை. துளை அகன்ற அந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு வேலையாக டாப்சிலிப் போகும்போது, வழியை நீட்டி ஆழியாறு பக்கம் போய் அந்தக் கடையில் நிறுத்தினேன். பெரியவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குழந்தைகள் நல்லா இருக்காங்களா என்று கேட்டார். அன்றைக்கு அவசரத்தில் கொடுத்த காசு போதாது என்று நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது, கொடுத்தேன், பிடிவாதமாக மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். ஸ்பேசரை எடுத்துக் காட்டியதும், "இத எனக்குக் குடுத்துருங்க தம்பி" என்றார். எதுக்குங்ணா என்றேன். பதில் சொல்லாமல் கம்ப்ரசருக்கு மேலே சுவரில் ஒரு ஆணி அடித்து அதை மாட்டினார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அலாய் வீல் போட்ட ஒரு வண்டி காற்றுப் பிடிக்க வந்து நின்றது. காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவர், சக்கரத்துப் பக்கம் குனிவதற்கு முன்பு கண்ணாடிப் பக்கம் போய்க் கேட்டார்.

"தம்பி, வீலுக்கு உள்ளாற ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"